உப்பு உரைக்கும் பழங்கதை

எங்கள் வட்டகொடையில் மழைக்கு முன்னறிவிப்புச் செய்வது வானொலியன்று. கிரேட் வெஸ்டர்ன் மலைதான். அதன் தலை முகிலுக்குள் மறைந்துவிட்டால், முற்றத்தில் உலரும் துணியை எடுக்க வீட்டுப் பெண்கள் ஓடுவார்கள். அந்த மலையைப் பார்த்துக்கொண்டே பாடஞ் சொல்லும் வழக்கமுடைய என்னிடம், சில வாரங்களுக்கு முன் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து ஒரு கேள்வி கேட்டாள்.

"சேர், எங்க அப்பாயி சொல்றாங்க, அவங்க சின்னப் புள்ளையா இருந்த காலத்துல மழை இப்படி இல்லையாம். கணக்கா வந்து கணக்கா நிக்குமாம். துணி தொவைக்கிற ஆத்துல பெரிய பாறை ஒண்ணு இருக்கு. அது எப்பவும் தண்ணிக்குள்ளதான் கெடக்குமாம். இப்ப வருஷத்துல பாதி நாள் வெளியில தெரியுது. அவங்க சொல்றது நெசமா?"

வகுப்பில் சிலர் சிரித்தனர். முதியோர் எல்லோருமே தம் இளமைக்காலத்து மழையைப் பெரிதாகவே நினைவில் வைத்திருப்பர் என்று கூறி நானும் அவளை அமர்த்தியிருக்கலாம். நா நுனிவரை வந்த அந்த விடையை விழுங்கிக்கொண்டேன். அவளுடைய தாயார் கொழுந்து பறிப்பவர். மழை பொய்த்து மலையில் கொழுந்து குறைந்தால் நிறை காணாது. நிறை காணாத நாளில் அரைப்பேர். அரைப்பேர் விழுந்த மாதத்தில் அந்தக் குடும்பத்தில் எந்தச் செலவு முதலில் நிற்கும் என்பதைக் கொப்பி வாங்காமல் வரும் பிள்ளைகளைப் பார்க்கும் ஆசிரியர்கள் அறிவார்கள். ஆகவே அது வீண் கேள்வியன்று.

ஆனால் அதற்கு விடை கூற எதைச் சான்றாகக் கொள்வது? தோட்டத்துக் கந்தோரில் மழைமானிக் கணக்கெழுதிய புத்தகங்கள் உண்டு. தலவாக்கலையில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, 1925ல் தொடங்கப்பெற்றது. ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் தேயிலைத் தோட்டம் போட்டதோ 1867ல். எப்படிக் கூட்டிப் பார்த்தாலும், இம்மலைகளில் மனிதர் கைப்பட எழுதிய மழைக்கணக்கு இருநூறு ஆண்டைத் தாண்டாது. பருவமழையின் வயதோடு ஒப்பிட்டால் அது நேற்றைய நாட்குறிப்பு. அதற்கு முந்திய கணக்கு வேண்டுமானால், மனிதர் எழுதாத புத்தகத்தைத்தான் தேடிப் போகவேண்டும்.

அப்படி ஒரு புத்தகம் உண்டு. அது ஏரி. அதன் எழுத்து உப்பு.

மவுசாக்கலை நீர்த்தேக்கத்தை அறியாத மலைநாட்டவர் இரார். 1969ல் அது கட்டி முடிந்தபோது பழைய மஸ்கெலியா நகரம் நீருக்குள் அமிழ்ந்தது. கடும் வறட்சியில் நீர்மட்டம் கீழிறங்கும் காலங்களில், அமிழ்ந்துபோன கோயிலும் விகாரையும் மெல்லத் தலைகாட்டும். மக்கள் திரள்திரளாகச் சென்று பார்ப்பார்கள். அவ்வேளையில் கரையை உற்று நோக்கினால், படிக்கட்டுப் போல வரிவரியாகக் கோடுகள் தெரியும். நீர் ஒவ்வொரு மட்டத்திலும் சிறிது காலம் தங்கிச் சென்ற அடையாளம் அது. ஏரியின் நீர்மட்டமே ஒரு மழைமானி என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டா.

ஆனால் மவுசாக்கலையில் மதகு இருக்கிறது. மின்சாரத்துக்காகத் திறப்பார்கள், மூடுவார்கள். மனிதன் கைவைத்த கணக்கு நமக்கு உதவாது. நீர் உள்ளே வரலாம், வெளியே போக வழியில்லை என்றிருக்கும் ஏரியே நமக்கு வேண்டியது. அத்தகைய ஏரியிலிருந்து நீர் ஆவியாகத்தான் வெளியேறும், உப்பு ஆவியாவதில்லை. அடுப்பில் மறந்துவிட்ட ரசம் வற்றினால் உப்புக் கரிப்பதுபோல, மழையோ உருகுநீரோ குறைந்த காலத்தில் அந்த ஏரியின் நீர் கரிக்கும். மிகுந்த காலத்தில் சப்பென்றாகும். அம்பாந்தோட்டைப் பக்கத்து லேவாயாக்களில் வெயிற்காலத்தில் உப்பு விளைவதும் இதே நியாயத்தால்தான். ஆக, ஓர் ஏரி பண்டைக்காலத்தில் எவ்வளவு கரித்தது என்று அறிந்தால், அக்காலத்தின் வறட்சியும் ஈரமும் தெரிந்துவிடும்.

இந்தக் கணக்கை மிக அழகாகப் போட்டுக் காட்டிய இடம் நம் நாட்டில் இல்லை. அது பூமியின் தென்கோடியில், அந்தாட்டிக்காவில் இருக்கிறது. பனிக்கட்டி மூடிய அக்கண்டத்தில், மக்மர்டோ வறள் பள்ளத்தாக்குகள் என்னும் பகுதி போன்ற சில இடங்களில் மாத்திரம் மண்ணும் கல்லும் வெளியே தெரிகின்றன. அங்கே ரைட் பள்ளத்தாக்கில் ஓர் ஏரி. பெயர் வண்டா. நம் காதுக்கு அது ரீங்காரமிடும் வண்டை நினைவூட்டினாலும், உண்மையில் அது பனிச்சறுக்கு வண்டி இழுத்த ஒரு நாயின் பெயராம். 1958-59ஆம் ஆண்டுப் பருவத்தில் அங்கு சென்ற நியூசிலாந்துக் குழுவின் தலைவர், தாம் முன்பு வளர்த்துப் பழகிய நாயின் நினைவாகச் சூட்டினார். நன்றியுள்ள பிராணிக்கு நன்றியுள்ள மனிதர்.

கோடையில் சில வாரங்கள் மட்டும் பனியாறு உருகி, ஓனிக்ஸ் என்ற ஆறு ஏறக்குறைய 30 கிலோமீற்றர் ஓடி அந்த ஏரியில் விழுகிறது. அந்தாட்டிக்காவின் மிக நீளமான ஆறு அதுதான். ஆறுகள் கடலை நோக்கி ஓடும் என்று சிறு வகுப்பில் படித்திருக்கிறோம். இதுவோ கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உள்நாட்டை நோக்கி ஓடுகிறது. ஏரியிலிருந்து நீர் வெளியேற வாய்க்கால் ஏதுமில்லை. மேலே மூன்று நான்கு மீற்றர் தடித்த பனிக்கட்டி ஆண்டு முழுவதும் மூடிக்கிடக்கிறது.

அந்தப் பனிக்கட்டியைத் துளைத்து வெப்பமானியை இறக்கியவர்கள் திகைத்துப் போனார்கள். பனிக்கட்டிக்குச் சற்றுக் கீழே உறைநிலைக்கு அருகிலிருந்த நீர், ஆழம் போகப்போகச் சூடேறி, ஏறக்குறைய 70 மீற்றர் ஆழத்தில் 25 பாகை செல்சியசை எட்டியது! நம் நுவரெலியாவில் நண்பகலில்கூட அத்தனை வெப்பம் பெரும்பாலும் கிட்டாது. நிலத்தடி நெருப்பு ஏதும் காரணமில்லை. தெளிந்த பனிக்கட்டியினூடே கோடைச் சூரியனின் ஒளி ஆழத்துக்குச் செல்கிறது. அங்கே தேங்கிக் கிடப்பது கடல்நீரைக் காட்டிலும் பன்மடங்கு கரிக்கும் கனத்த உவர்நீர். சாதாரண நீர் சூடேறினால் இலேசாகி மேலெழும். உவர்நீர் சூடேறினாலும் உப்பின் பாரத்தால் மேலெழ இயலாமல் அங்கேயே கிடக்கிறது. வாங்கிய வெப்பத்தைச் செலவழிக்காமல் சேர்த்துவைக்கும் கருமிபோல, ஆண்டாண்டாக அது சூட்டைச் சேமித்துவிட்டது.

வெப்பத்தின் வியப்போடு பலர் நின்றுவிட்டனர். நியூசிலாந்து இரசாயன அறிஞர் வில்சன் அப்படி நிற்கவில்லை. மேலே நன்னீர், கீழே கடும் உவர்நீர். இவ்விரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக எப்படி வந்து அமர்ந்தன என்று கேட்டார்.

அவர் கண்ட விடையை விளக்க, வீட்டிலேயே ஒரு சிறு சோதனை செய்யலாம். மாணாக்கர்கள் அம்மாவின் அனுமதியோடு செய்க. உயரமான கண்ணாடிக் குவளையின் அடியில் இரண்டு கரண்டி கித்துள் பாணியை விடுங்கள். அதன்மேல் கரண்டியின் முதுகில் படும்படி, மெல்ல மெல்லக் குளிர்ந்த நீரை ஊற்றுங்கள். கலக்கக் கூடாது, குவளையை அசைக்கவும் கூடாது. முதலில் பாணிக்கும் நீருக்கும் இடையே தெளிவான எல்லை தெரியும். நாட்கள் செல்லச் செல்ல அந்த எல்லை கலங்கி, கபில நிறம் மெல்ல மேலேறும். எவரும் கலக்காமலே பாணியின் நுண்துகள்கள் தாமாக நீருக்குள் பரவுகின்றன. இந்தப் பரவலின் வேகம் விஞ்ஞானிகளுக்கு நன்கு தெரியும். அதிலொரு விசித்திரமும் உண்டு: ஓரங்குலம் பரவ ஒரு நாள் பிடித்ததென்றால், இரண்டங்குலத்துக்கு நான்கு நாள், மூன்றங்குலத்துக்கு ஒன்பது நாள். தூரத்தின் வர்க்கமாகக் காலம் வளர்கிறது. ஆகவே நிறம் எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது என்று அளந்தால், நீங்கள் எப்போது நீரை ஊற்றினீர்கள் என்பதை உங்களைக் கேளாமலே ஒருவர் சொல்லிவிடலாம்.

வண்டா ஏரியே அந்தக் குவளை. பனிக்கட்டி மூடியிருப்பதால் காற்று அதைக் கலக்குவதில்லை. அடியிலிருந்து உப்பு எவ்வளவு உயரம் பரவியிருக்கிறது என்று வில்சன் அளந்து கணக்கிட்டார். நன்னீர் வந்து மேலே அமர்ந்து ஏறக்குறைய 1,200 ஆண்டுகள் ஆயின என்ற விடை வந்தது. 1964ல் 'நேச்சர்' சஞ்சிகையில் அதை வெளியிட்டார். அதன் பொருள் யாது? 1,200 ஆண்டுகளுக்கு முன் அங்கே குளிர் மிகுந்த காலம் ஒன்று இருந்தது. பனியாறு உருகவில்லை, ஓனிக்ஸ் வற்றிற்று, ஏரி ஆவியாகி ஆவியாகி அடியிலே உவர்க்குட்டையாய்ச் சுருங்கிற்று. பின்னர் சீதோஷ்ணநிலை மாறி, உருகுநீர் பெருகி அந்தக் குட்டையின்மேல் வந்து நிறைந்தது. ஒரு மனிதரும் வாழாத, ஒருவரும் ஓலை எழுதாத பள்ளத்தாக்கின் வரலாற்றில் ஒரு தேதியை உப்பிலிருந்தே எடுத்துவிட்டார்! நம் நாட்டுக்கு அத்தேதியைப் பொருத்திப் பார்த்தால், அநுராதபுர இராச்சியம் நடந்துகொண்டிருந்த காலம்.

அந்த ஏரியின் கரைச்சரிவில், இன்றைய நீர்மட்டத்துக்கு ஐம்பது மீற்றருக்கும் மேலே, பழைய கரைக்கோடுகள் தெரிகின்றன. மவுசாக்கலையில் நாம் கண்ட அதே வரிகள். வற்றிச் சுருங்கிய காலமும் உண்டு, இன்றினும் பெருகி நின்ற காலமும் உண்டு என்று இரு சாட்சிகளும் சேர்ந்து சொல்கின்றன. நம் காலத்திலும் ஏரி சும்மா இருக்கவில்லை. 1960களின் இறுதியில் நியூசிலாந்தார் அதன் கரையில் ஓர் ஆராய்ச்சி நிலையம் அமைத்தனர். அதன் நீரில் துணிந்து முழுக்குப் போட்டவர்களுக்கென்று ஒரு நீச்சற் சங்கமும் அங்கு இருந்ததாம்; குளிர்நாட்டு மனிதர்களின் குறும்பு. நீர்மட்டம் ஏறிக்கொண்டே வந்ததால் 1990களில் அந்த நிலையத்தையே அகற்றவேண்டியதாயிற்று.

பக்கத்துப் பள்ளத்தாக்கிலுள்ள பொனி ஏரியிலும் இதே கதை. 1903ல் கப்டன் ஸ்கொட்டின் குழுவினர் அவ்விடத்தைக் கண்டபோது, ஏரியின் இரு பகுதிகளை இணைக்கும் குறுகிய கழுத்து ஏறக்குறைய 17 அடி அகலம் என்று குறித்து வைத்தார்கள். இன்று அதே கழுத்து அதைப்போற் பல மடங்கு அகன்றுவிட்டது. நீர்மட்டம் பத்து மீற்றருக்கும் மேல் உயர்ந்துவிட்டது. ஒருவர் நின்று அளந்து ஓர் எண்ணை எழுதிவைத்ததால் நூறாண்டு மாற்றம் கையில் கிடைத்தது. இந்த 17 அடியை மறவாதிருங்கள். மாணவியின் பாறைக்கு வரும்போது வேண்டும்.

எல்லா ஏரிகளும் வண்டாவைப்போல அமைதியானவை அல்ல. காற்றில் கலங்கும் ஏரிகளில் உப்பின் பரவலைக் கொண்டு காலம் கணிக்க இயலாது. அங்கே சேறு உதவுகிறது. தயற்றம் என்னும் கண்ணுக்குத் தெரியாத பாசியினம் ஒன்றுண்டு. கண்ணாடியை ஒத்த சிலிக்காவினால் ஓடு கட்டிக்கொண்டு வாழ்வது; இறந்தாலும் ஓடு அழியாது, சேற்றில் படியும். ஓர் இனம் நன்னீரை விரும்பும், ஓர் இனம் உவரை விரும்பும். நம் ஊரில் ஒரு வீட்டின் குப்பைக்குழியைத் தோண்டிப் பார்த்தால், கருவாட்டு முள் கிடக்கும் படை எது, மரக்கறித் தோல் மட்டும் கிடக்கும் விரதமாதப் படை எது என்று சொல்லிவிடலாமல்லவா? அவ்வாறே சேற்றைக் குழாயில் எடுத்து, படைபடையாக அரிந்து, எந்தப் படையில் எந்தத் தயற்றம் என்று எண்ணினால், எந்தக் காலத்தில் ஏரி எவ்வளவு கரித்தது என்று தெரியும். படையின் வயதைக் கதிரியக்கக் காபன் முறை சொல்லும்.

கிழக்கு அந்தாட்டிக்காவின் வெஸ்ற்போல்ட் குன்றுகளில் இதற்கு நல்ல களம் அமைந்திருக்கிறது. பனியின் பாரம் நீங்கியபின் நிலம் மெல்ல உயர்ந்தது. பள்ளங்களில் கடல்நீர் சிறைப்பட்டு ஏரிகளாயிற்று. அவற்றுள் ஒன்று 'டீப் லேக்', அதாவது ஆழ ஏரி. அதன் மேற்பரப்பு கடல்மட்டத்துக்கு 50 மீற்றர் கீழே. உப்பு கடலைப்போற் பத்து மடங்கு. கடுங்குளிர்காலத்திலும் அது உறைவதில்லை. இக்குன்றுகளில் நன்னீர் முதல் கடும் உவர்வரை எல்லா வகை ஏரிகளும் பக்கம்பக்கமாக இருப்பதால், எந்த உப்புக்கு எந்தத் தயற்றம் என்ற அட்டவணையை 1990களில் தஸ்மேனியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த றொபேட்ஸ், மக்மின் ஆகியோர் தயாரித்தனர். அம்முறையைக் கொண்டு விண்ட்மில் தீவுகளின் மூன்று ஏரிகளை ஆராய்ந்தவர்கள், அண்மைக் காலத்தில் அவற்றின் உப்பு விரைந்து ஏறியிருப்பதை 2006ல் அறிவித்தனர். வண்டாவில் நீர் ஏற, இங்கே நீர் வற்றுகிறது. ஒரே கண்டம், இரு வேறு கதைகள்!

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. ஏரி கரிப்பதற்கு வறட்சி மட்டுமே காரணமென்று கொள்ளலாகாது. பண்டைக்காலத்தில் கடல் உள்ளே புகுந்திருந்தாலும் கரிக்கும். ஆகையால் கடலுக்கே உரிய உயிர்களின் சின்னம் சேற்றில் உண்டா என்றும் பார்ப்பார்கள். ஒரு சாட்சியின் சொல்லை வைத்துத் தீர்ப்பு எழுதும் நீதிபதி விஞ்ஞானத்தில் நிலைக்கமாட்டார்.

இந்தியரும் இத்துறையில் பின்தங்கவில்லை. 1989 முதல் இயங்கும் மைத்திரி நிலையம், நூற்றுக்கு மேற்பட்ட ஏரிகளையுடைய ஷிர்மாக்கர் சோலையில் இருக்கிறது. பிரியதர்சினி என்னும் ஏரியே அதற்குக் குடிநீர் தருவது. 2012ல் லார்ஸ்மன் குன்றுகளில் எழுந்த அடுத்த நிலையத்தின் பெயர் பாரதி. எட்டயபுரத்தாரை நினைத்து வைத்த பெயரன்று. ஆயினும் தமிழன் எவனும் அப்பெயரைக் கேட்டு நிமிராமல் இருக்க முடியுமா? இவ்விரு இடங்களின் ஏரிச் சேறுகளையும் இந்திய ஆராய்ச்சியாளர் குழாயில் எடுத்து வந்து படித்திருக்கிறார்கள்.

அப்பாயியின் ஊருக்குத் திரும்புவோம். நம் மலைகளில் உவர் ஏரி இல்லை. இத்தனை மழைக்கு உப்பு எங்கே தங்கும்? அதற்குப் பதிலாகச் சதுப்பு இருக்கிறது. பட்டிப்பொலவுக்கும் ஒஹியவுக்கும் அப்பால் ஹோட்டன் சமவெளி, 2,000 மீற்றருக்கு மேலே. இலையும் புல்லும் முற்ற அழுகாமல் ஆண்டாண்டாகப் படிந்து முற்றாநிலக்கரியான சதுப்புகள் அங்கே உண்டு. அவற்றில் மகரந்தம் கெடாமல் கிடக்கும். நம் நாட்டு ஆராய்ச்சியாளர் பிரேமதிலகவும் சுவீடனைச் சேர்ந்த றிஸ்பேர்க்கும் அச்சதுப்பைத் துளைத்து, 24,000 ஆண்டுக் காலநிலை வரலாற்றை 2003ல் வெளியிட்டார்கள். பனியூழி உச்சத்திலிருந்தபோது இம்மலைமுடி வறண்டு கிடந்தது; பின்னர் பருவமழை வலுத்தது; 8,000 ஆண்டுகளுக்கு முன்பிருந்து மீண்டும் தளர்ந்து, நெடுங்காலம் வறட்சி நீடித்தது. அங்கே மிகப் பழங்காலத்திலேயே வாற்கோதுமை பயிரிட்டார்கள் என்றும் அவர்கள் கூறியிருக்கிறார்கள். மகரந்தத்தை மட்டும் வைத்து அவ்வளவு தூரம் போக எனக்குச் சற்றுத் தயக்கம். ஆனால் மழையைப் பற்றிய செய்திக்குத் துணைச்சாட்சி உண்டு. பாக்குநீரிணைக்கு அப்பால், நீலகிரியின் சதுப்புகளைச் சுகுமார், ரமேஷ் முதலியோர் ஆராய்ந்து 1993ல் எழுதினர். புல்லுக்கும் மரத்துக்கும் காபனின் விகிதம் வேறுபடும் என்பது அவர்களுடைய கருவி. பனியூழியின் உச்சத்தில் அங்கும் வறட்சி, பிறகு ஈரம், சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் மீண்டும் வறட்சி. கடல் பிரித்த இரு மலைகளும் ஏறக்குறைய ஒரே வாக்குமூலம் தருகின்றன.

இவ்வளவையும் இரண்டு பாடவேளைகளில் அந்த வகுப்புக்குக் கூறினேன். மழை என்றும் ஒரே அளவாயிருந்ததில்லை என்பது தெளிவாயிற்று. ஆனால் மாணவி விடுவதாயில்லை. "அது ஆயிரக்கணக்கான வருஷத்துக் கதை, சேர். எங்க அப்பாயிக்கு எழுபத்தெட்டு வயசுதான்" என்றாள்.

சரியான மறுப்பு. சதுப்பின் ஒரு விரற்கடைக்குள் எத்தனையோ அப்பாயிகளின் ஆயுள் அடங்கிவிடும். அவருடைய எழுபத்தெட்டு ஆண்டுக்குச் சேறும் உப்பும் சாட்சி சொல்லமாட்டா. கந்தோரின் மழைப் புத்தகமே சொல்லவேண்டும். மழை குறையாமலே ஆற்றில் நீர் குறைந்திருக்கவும் கூடும். மேலே காடு அழிந்திருக்கலாம், நீரை வேறு பக்கம் திருப்பியிருக்கலாம். பாறை அதைப் பிரித்துச் சொல்லாது.

கணக்கப்பிள்ளை ஐயாவிடம் பேசினேன். பழைய புத்தகங்களைப் பார்த்து எழுதிக்கொள்ளப் பிள்ளைகளுக்கு அனுமதி கிடைத்திருக்கிறது. இரண்டு ஆண்டுக்கான ஏடுகளைக் கறையான் தின்றுவிட்டதாம். எஞ்சியவற்றை நான்கு மாணவர்கள் மாதவாரியாகப் பெயர்த்தெழுதி வருகிறார்கள். வருகிற சனிக்கிழமை காலை அந்தப் பாறைக்குப் போகிறோம். நீருக்கு மேல் அது எத்தனை அங்குலம் நிற்கிறது என்று அளந்து, தேதியுடன் கொப்பியில் எழுதி, அதன் பக்கத்தில் ஒரு வெட்டுக்குறியும் இடவேண்டும் என்று ஏற்பாடு. அளவுநாடா என்னுடையது. உளியை அவளுடைய மாமா கொண்டுவருகிறார். எந்தப் பாறை என்று காட்ட அப்பாயியும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்; மழை பெய்தால் மட்டும் மறுவாரம்.